மேலக்கீழையூர் சோலைக்கண்ணுவின் குதிரை

சாத்தனேந்தல் குதிரை வண்டிப் பந்தயத்தில், இல்லாத குதிரை ஒன்று முதலாவதாக வந்து சேர்ந்தது, பங்குனி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. அன்றைக்கு ஊரார் அதைப் பற்றிப் பேசியதைக் காட்டிலும், நீர்மோர்ப் பந்தலில் வைத்திருந்த இரண்டு பானைகளும் கூட்ட நெரிசலில் உடைந்துபோனதைப் பற்றியே அதிகம் பேசினார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குதிரை வந்தது, கோப்பையை வாங்கியது, போயிற்று. மோரோ கொட்டியது கொட்டியதுதான்.

அந்தப் பந்தயத்தைப் பார்த்திராதவர்களுக்கு அதன் ஒழுங்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பங்குனியில் தொடங்கி ஆவணி வரை, மாதத்துக்கு இரண்டு ஞாயிறு, சாத்தனேந்தல் கம்பத்தடியில் புறப்படும் வண்டிகள் தார்ச்சாலையில் மேற்கே நான்கு மைல் ஓடி, எல்லையில் நட்டிருக்கும் மஞ்சள் கொடியைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே நான்கு மைல் திரும்பி ஓடி, அதே கம்பத்தைத் தொட வேண்டும். புறப்பட்ட இருநூறாவது அடியிலேயே கண்மாய்க் கரை வளைவு குறுக்கிட்டுவிடுவதால், கூடியிருக்கும் எட்டாயிரம் பேரில் ஒருவருக்கும் தொடக்கத்தையும் முடிவையும் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. மிச்சத்தை அவர்கள் காதால் பார்த்தார்கள். மின்கம்பத்துக்கு ஒன்றாக எல்லை வரை கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளை அண்ணாந்து நோக்கியபடி, வண்டிகளுக்குப் பின்னால் திறந்த ஜீப்பில் நின்றுகொண்டே வரும் மலைக்கொழுந்துவின் குரலுக்கு மூச்சை இழுத்தும், குரலுக்கு மூச்சை விட்டும், துண்டைச் சுழற்றியும், முன்பின் அறியாதவன் தோளில் ஏறிக் குதித்தும், வாழ்நாளெல்லாம் பந்தயம் பார்த்தவர்கள் என்று பேர் வாங்கினார்கள். ஆகவே மைக்கில் வந்ததே முடிவு என்பது விழாக் குழுவின் முதல் விதி. எந்தக் குதிரையின் மூக்கு கம்பத்தை முந்தித் தொட்டாலும், "முதலாவதாக" என்று தொடங்கி ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் மைக்கில் சொன்ன பிறகுதான் அது வெற்றி. சொல்லும்வரை அது வெறும் மூக்கு.

மலைக்கொழுந்துக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த ஜீப்பின் இரும்புக் கம்பியை இடக்கையால் பற்றிக்கொண்டு, வலக்கையில் மைக்கும் குரல் கம்மாமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய வால்மிளகுமாக, குதிரைகளின் புழுதியைத் தின்று வாழ்ந்தவர். அவர் சட்டைகளிலிருந்து தான் துவைத்து இறக்கிய மண்ணைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு வீடு கட்டியிருக்கலாம் என்று அவர் மனைவி பஞ்சவர்ணம் சொல்வது வெறும் புலம்பல் அன்று, ஏறக்குறையக் கணக்கு. அவருக்கு இருந்தது ஒரே பெருமை: ஒரு குதிரையின் காதை இன்னொரு குதிரையின் காதுக்கு முன்னால் ஒருநாளும் பொய்யாக வைத்ததில்லை. கண்மாய் மடையை யார் திறப்பது என்று இரண்டு தலைமுறையாக வெட்டிக்கொண்ட இரண்டு ஊர்கள், அவர் சொன்ன ஒரு முடிவின்மேல் வழக்கை முடித்துக்கொண்டன. சொந்த மைத்துனன் குதிரை மூன்றாவதாக வந்தபோது மூன்றாவது என்றே சொன்னார். மைத்துனன் அதன்பின் அவர் வீட்டுப்படி ஏறவில்லை. அவன் ஒரு வருகைக்கு நான்கு தம்ளர் காப்பி குடிப்பவன் என்பதால் அதை மலைக்கொழுந்து இழப்பாகக் கருதவில்லை.

அந்தப் பங்குனியில் வென்றிருக்க வேண்டியது கொப்பாத்தாளின் குதிரை.

கொப்பாத்தாள் ஐம்பத்துநான்கு வயதுப் பெண். கணவன் சின்னக்கருப்பன் மறைந்தபின் மாவு மில்லை விற்றுவிட்டு ஒரு பெண் குதிரையை வாங்கியவள். அதற்கு மருதாணி என்று பேர் வைத்து, தானே தேய்த்து, தானே குளிப்பாட்டி, தானே விடியற்காலையில் மணலில் நடத்திப் பழக்கியவள். மூன்று ஆண்டுகளாக மருதாணி இரண்டாவதாகவே வந்தது; ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கி, விண்ணப்பத்தில் உள்ளபடி, "காலஞ்சென்ற சின்னக்கருப்பன் நினைவுக் குதிரை" என்றே அறிவித்தது. வீட்டு ஆண்பிள்ளை பேரில்தான் வண்டி பதிய வேண்டும் என்பது குழுவின் வழக்கம். முதலாவதாக வருபவருக்கு மட்டும் ஓர் உரிமை உண்டு: தம் பேரை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்லச் சொல்லலாம். கொப்பாத்தாளுக்குக் கோப்பை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், பித்தளை அண்டா வேண்டவே வேண்டாம். அந்த நான்கு மைல் நீளத்துக்கும் ஒருமுறை தன் பேர் ஒலிக்க வேண்டும்.

"அந்த மனுசன் குதிரையக் கண்டாலே வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுவாகண்ணே," என்று மலைக்கொழுந்துவிடம் அவள் பந்தயத்துக்கு முன்பு சொன்னாள். "நல்ல மனுசன்தான், இல்லேங்கல. ஆனா வாலைக்கூடத் தொட்டுப் பாக்காதவுக பேரை நீங்க மூணு வருசமாக் கூவுறீக. நான் சாணி அள்ளுறேன், அவுக ரெண்டாவதா வர்றாக."

"முதலாவதா வரட்டும் தாயி, ஒம் பேரை எல்லைக் கொடி கிழியிற மாதிரி சொல்லுறேன்," என்றார் அவர்.

இனி, தவறு. ஜீப்பை ஓட்டிய சிக்கந்தர் முதல் நாள் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்க மறந்துவிட்டான். கொடியைச் சுற்றித் திரும்பிய சிறிது நேரத்தில், ஓடைப்பாலத்துக்கு முன்னால், ஜீப் வெந்நீர்ப் பானைபோல் கொதித்து நின்றது.

"வண்டிக எங்கடா?" என்றார் மலைக்கொழுந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு.

"பாலம் தாண்டிப் போயிருச்சுண்ணே."

"எது முன்னாடி?"

"புழுதிதான் முன்னாடி."

சில ஆண்டுகளுக்கு முன் ஒலிபெருக்கிகள் நான்கு நிமிடம் மௌனமானபோது, எட்டாயிரம் பேரும் ஆளுக்கொரு வெற்றியைத் தாமே தீர்மானித்துக்கொண்டு பதினொரு மண்டைகளை உடைத்திருந்தார்கள். குரல் நிற்கக் கூடாது. ஆனால் எது முன்னால் என்று தெரியாமல், ஓடுகிற நான்கு வண்டிகளில் ஒன்றை எப்படி முன்னால் வைப்பது? வைத்தால் அது பொய். வைக்கப்படாத மூன்று பேருக்கும் அநியாயம். முப்பத்தெட்டு ஆண்டு நேர்மை அவர் சட்டையைப் பிடித்தது. பிடித்த பிடியிலேயே அது அவருக்கு ஒரு வழியும் காட்டியது. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வண்டியை முன்னால் விட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே, ஒருவரும் பிறந்திருக்க முடியாதபடி ஓர் ஊரையும், விழாக் குழுப் பட்டியலில் இல்லாதபடி ஓர் ஆளையும், எந்த லாயத்திலும் நிற்காதபடி ஒரு நிறத்தையும் அவர் அங்கேயே தேடிப்பிடித்தார். "இதோ, இதோ, எல்லாரையும் முந்திக்கொண்டு, முதலாவதாக, மேலக்கீழையூர் சோலைக்கண்ணு அவர்களின் மயில்கழுத்து நிறக் குதிரை, காற்றைக் கிழித்து, கண்ணைப் பறித்து, நாலு காலும் தரையில் பாவாமல், வருகிறது வருகிறது வருகிறது!" என்று அவர் கொதிக்கும் ஜீப்பில் நின்றுகொண்டு பாடினார், ஜீப் ஆறுகிறவரை பாடினார், ஆறிய ஜீப் கம்பத்தடிக்குப் பாய்ந்து வந்தபோது, எட்டாயிரம் பேரும் துண்டுகளை வானத்தில் விட்டெறிந்துகொண்டிருக்க, கம்பத்தைத் தொட்டபடி மயில்கழுத்து நிறத்தில் ஒரு குதிரை நின்றது. மருதாணி நாற்பதடி பின்னால் இரண்டாவதாக நின்றது.

அந்தக் குதிரைக்கு வால் இல்லை. அவர் வாலைச் சொல்லியிருக்கவில்லை. சக்கரங்கள் ஓசையின்றி உருண்டன. ஓசையையும் அவர் சொல்லியிருக்கவில்லை. வண்டியில் இருந்த சோலைக்கண்ணுவைப் பார்த்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஆனால் தலையைத் திருப்பியதும் அவன் முகம் நினைவில் நிற்கவில்லை. விழாக் குழுத் தலைவர் சேவுகப்பெருமாள் அம்பலம் கோப்பையைக் கொடுத்தார், பொன்னாடை போர்த்தினார். அவன் கும்பிட்டான், ஒரு சொல்லும் பேசாமல் வண்டியைத் திருப்பினான், மேற்கே போய்விட்டான்.

மைக்கில் வந்துவிட்டது. மைக்கில் வந்ததே முடிவு.

"யாரண்ணே அது?" என்று கொப்பாத்தாள் ஜீப்புக்கு வந்து கேட்டாள்.

"மேலக்கீழையூர்க்காரவுக," என்றார் மலைக்கொழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அப்புடி ஒரு ஊரு எங்க இருக்கு?"

"ஊரு இல்லாமலா குதிர வரும் அக்கா?" என்றான் சிக்கந்தர், ரேடியேட்டரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டு.

அடுத்த சில மாதங்களில் மேலக்கீழையூர் அந்த வட்டாரத்தில் தன் இடத்தைப் பிடித்துவிட்டது. குழு அனுப்பிய அழைப்பிதழை அஞ்சல்காரர் மறுப்பேதும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஏற்புக் கடிதம் வந்தது. கையெழுத்து நன்றாக இருந்தது என்று குழுவின் செயலாளர் பாராட்டினார். டவுன் பஸ் நடத்துனர், யாரோ கேட்டார்கள் என்று மேலக்கீழையூருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். ஏறியவர்கள் எங்கோ இறங்கினார்கள், மாலையில் திரும்பும்போது நல்ல பிஞ்சுக் கத்திரிக்காய் வாங்கிவந்தார்கள், அந்த ஊரில் தண்ணீர் கொஞ்சம் உப்பு என்றார்கள். கால்நடை மருத்துவர் தீவனத்தில் தாமிரச் சத்து கூடினால் அந்த நிறம் வரும் என்று எழுதிக் கொடுத்தார். ஜவுளிக் கடைகளில் அந்த நிறத்துச் சேலை வந்து இரண்டே வாரத்தில் தீர்ந்தது. அய்யனார் கோயிலுக்கு மண் புரவி செய்யும் வேளார், எதற்கும் இருக்கட்டும் என்று, புதுப் புரவிகளை வாலில்லாமல் செய்தார். வைகாசி முகூர்த்தத்தில் சோலைக்கண்ணுவின் பங்காளிகள் இருவருக்குச் சாத்தனேந்தலிலிருந்து பெண் கொடுத்தார்கள். அந்தப் பெண்களுள் ஒருத்தி அம்பலத்தின் தங்கை மகள். இருவரும் ஆடிக்குத் தாய்வீடு வந்தபோது சற்றே சதை போட்டிருந்தார்கள், மாமியாரைப் பற்றி வழக்கமான குறைகளைச் சொன்னார்கள். இவ்வாறாக, இல்லாத ஓர் ஊரில் இருக்கவேண்டிய எல்லாம் இருந்தன.

இதற்கிடையே, சித்திரைப் பந்தயத்தில் அந்தக் குதிரை ஈயை ஓட்ட வழியில்லாமல் தோலைச் சிலிர்த்துக்கொண்டு வந்ததைக் கண்டு மலைக்கொழுந்துக்கு மனம் பொறுக்கவில்லை; "கருங்கூந்தல்போல் வால்" என்று வாய்தவறிச் சொன்னார்; அடுத்த நொடியே அதற்கு வால் இருந்தது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அது அறுபதடி முந்தியது. மருதாணி இரண்டாவது. அன்றுதான் தாம் செய்தது என்ன என்று அவருக்கு விளங்கியது. யாருக்கும் நட்டமில்லை என்று அவிழ்த்துவிட்ட குதிரை, ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரே ஒருத்தியின் முதலிடத்தைத் தின்றுகொண்டிருந்தது. தாம் அவிழ்த்ததைத் தாமே கட்டிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார்.

அடுத்த பந்தயத்தில், மேலக்கீழையூர்க் குதிரை நொண்டுகிறது என்று அறிவித்தார். அது நொண்டிக்கொண்டே முதலாவதாக வந்தது. அதற்கடுத்ததில், சக்கரம் ஒன்று கழன்றுவிட்டது என்றார். ஒற்றைச் சக்கரத்தில் ஒருக்களித்தபடி, வளைவில் மற்ற வண்டிகளைவிடச் சுருக்கமாகத் திரும்பி, முதலாவதாக வந்தது. அதற்கடுத்ததில், குதிரை ஊர் நினைப்பு வந்து திரும்பிக்கொண்டது, பார்த்துக்கொள்ளுங்கள், வால் கிழக்கே தலை மேற்கே என்றார். அது பின்பக்கமாகவே ஓடிவந்து, மூக்கால் தொட வேண்டிய கம்பத்தை வாலால் தொட்டது. எட்டாயிரம் பேராக இருந்த கூட்டம் இருபதாயிரமாயிற்று. வால் தொட்டால் வெற்றியா என்று குழு உட்கார்ந்து பேசி, வாலும் குதிரைதான் என்று தீர்மானம் எழுதியது. அவர் அதைப் பற்றி வாயே திறக்காமல் ஒரு பந்தயம் ஓட்டிப்பார்த்தார், "சோலைக்கண்ணு வண்டி எங்கே? சோலைக்கண்ணு வண்டி எங்கே?" என்று இருபதாயிரம் வாய்கள் கேட்டன, கேட்ட வேகத்திலேயே அது வந்து சேர்ந்தது. எப்படிப் பேசினாலும் அது அவர் பேச்சைத் தின்றது. பேசாவிட்டால் ஊராரின் பேச்சைத் தின்றது. ஒவ்வொரு முறையும் இரண்டாவதாக, காலஞ்சென்ற சின்னக்கருப்பன் வந்தார்.

ஆடி மாதத்தில் அவர் மைக்கிலேயே உண்மையைச் சொன்னார். "பெரியோர்களே, தாய்மார்களே, அப்படி ஒரு வண்டி இல்லை. அது நான் சொன்ன பொய். ஜீப் நின்றுவிட்டது, நான் இட்டுக்கட்டிச் சொன்னேன்." கூட்டம் நன்றாகச் சிரித்தது. பிறகு சிரிப்பு தணிந்து, கொஞ்சம் வருத்தப்பட்டது. அம்பலம் அவரைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

"ஏப்பா, ஒனக்கு அந்தச் சோலைக்கண்ணு மேல என்ன காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்ல அம்பலத்தாரே. அந்த ஆளே இல்ல."

"எந் தங்கச்சி மகள அவுக பங்காளி வீட்டுலதான்யா குடுத்திருக்கேன்! அவ மூணு மாசம் முழுகாம இருக்கா. அது எப்புடி, ஆளில்லாமலா?"

"மாப்பிள்ளைய நீங்க பாத்தீகளா?"

அம்பலம் யோசித்தார். "கல்யாணத்துல மாப்பிள்ளையவா பாப்பாக? நான் பந்தியில நின்னேன், சாம்பாரு பத்தல." பந்தல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ பொய் சொன்னேன்னு சொன்னா, இந்த ஒண்ணோட நிக்காது பாத்துக்க. மடை வழக்க மறுபடி தூக்கிட்டு வருவான். முப்பத்தெட்டு வருசத்துக் கோப்பையையும் திருப்பிக் கேப்பான். பேசாம வண்டிய ஓட்டு."

மறுநாள் காலை கொப்பாத்தாள் அவர் வீட்டுக்கு வந்தாள். பஞ்சவர்ணம் கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்தாள்.

"பொய்யின்னு சொன்னீகளே, நெசந்தானா?"

"நெசம் தாயி. பங்குனியிலேயே நீதான் முதலாவது. ஒம் பேரை நாந்தான் முழுங்கிட்டேன்."

அவள் தம்ளரை வைத்தாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, வைததாகவும் சொல்ல முடியாது. "இல்லாத குதிரையப் பத்தி அஞ்சு மாசத்துல நீங்க சொன்னதக் கேட்டேன். நெறம் சொன்னீக, வாலு சொன்னீக, நொண்டுனாக்கூட எந்தக் காலுன்னு சொன்னீக. எங் குதிரையப் பத்தி என்ன சொல்லியிருக்கீக? 'ரெண்டாவதாக'. அம்புட்டுத்தான். வேற ஏதாச்சும் தெரியுமா ஒங்களுக்கு?"

"பேரு மருதாணி," என்றார் மலைக்கொழுந்து.

"முப்பத்தெட்டு வருசமாக் குதிரைகளுக்குப் பின்னாடியே போனீக. ஒரு குதிர மூஞ்சியவாவது பாத்திருக்கீகளாண்ணே?"

பார்த்ததில்லை. வட்டாரத்துக் குதிரைகளின் பின்பக்கத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், ஒரு முகத்தையும் அறியார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு அவளுடன் நடந்தார். கொப்பாத்தாளின் கொட்டகையில் மருதாணிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்று பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் மருதாணி அவரைப் பொறுத்துக்கொண்டது. மூன்றாவது மணி நேரத்தில் அவருடைய துண்டைத் தின்றது. அவர் தொடர்ந்து பதினாறு நாள் வந்தார். கொப்பாத்தாள் அவர் கையில் தேய்ப்புப் பிரஷைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஆவணிக் கடைசி ஞாயிறு, பருவத்தின் இறுதிப் பந்தயம். ஐந்து வண்டிகள் கம்பத்தடியில் நின்றன, மயில்கழுத்து நிறமும் அவற்றுள் ஒன்று. கொடி அசைந்தது. மலைக்கொழுந்து மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அதன்பின் நிகழ்ந்ததைப் போல் ஓர் அறிவிப்பை அந்தச் சாலை கேட்டதில்லை.

"மருதாணி," என்று தொடங்கினார், "மருதாணி புறப்பட்டுவிட்டது, இடது காது முன்னால் வலது காது பின்னால், வலது காது பின்னால் போனால் அதற்குக் கோபம், கோபம் வந்தால் கீழுதட்டைத் தொங்கவிடும், அந்த உதட்டில் ஆறு வெள்ளை மயிர், நெற்றியில் புளியங்கொட்டை அளவு ஒரு சுழி, சுழிக்கு மேல் கொசு கடித்த தடம், இதோ மூச்சு விடுகிறது, ஒரு மூச்சுக்கு மூன்று எட்டு, மூன்று எட்டுக்கு ஒரு தலையசைப்பு, வலது முன்னங்கால் லாடத்தில் ஓர் ஆணி புதிது, அந்த ஆணியின் சத்தம் மட்டும் ணங்கென்று தனியே கேட்கிறது, கேட்கிறதா உங்களுக்கு, துவைக்கும் கல்லைக் கண்டால் மிரளும், பாலத்தருகே துவைக்கும் கல் இருக்கிறது, மிரளவில்லை, மிரளவில்லை, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட்டது, இமையில் வேர்வை, வேர்வையில் புழுதி, புழுதியில் வெயில்..." என்று மூச்சு வாங்காமல், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இன்னொரு குதிரை நுழையும் இடம் விடாமல், கண்ணால் கண்டதையன்றி எதையும் சொல்லாமல், அவர் எல்லை வரை சொன்னார், கொடியைச் சுற்றிச் சொன்னார், திரும்பும் வழியெல்லாம் சொன்னார். சிக்கந்தர் முப்பத்தெட்டு ஆண்டு வழக்கத்தை மீறி ஜீப்பை வயல் ஓரத்தில் இறக்கி, அவர் மருதாணியின் முகத்தைப் பார்க்கும்படி பக்கவாட்டில் ஓட்டினான். இருபதாயிரம் பேரும் சோலைக்கண்ணுவைக் கேட்க மறந்தார்கள். கேட்க வாய் திறந்தவர்கள் அந்தப் புதிய ஆணியின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வாயை மூடினார்கள்.

கம்பத்துக்கு அரை மைல் இருக்கையில், "மருதாணி" என்றார். அடுத்த சொல் வரவில்லை. தொண்டை அடைத்து, காற்று மட்டும் வந்தது. வழிநெடுக ஒலிபெருக்கிகள் எல்லாம் அடங்கின.

மண்டைகள் உடையவில்லை. அந்தக் கூட்டம் முதல்முறையாகத் தன் கண்ணை நினைத்துக்கொண்டது. மரத்தில் ஏறினார்கள், பந்தல் மேல் ஏறினார்கள், பஸ் கூரையில் ஏறினார்கள், அம்பலம் செயலாளரின் தோளில் ஏறினார். கண்மாய்க் கரை முழுவதும் தலைகளாக முளைத்தது. வளைவைத் தாண்டி இரண்டு குதிரைகள் வந்தன, ஒன்றோடொன்று உரசியபடி, ஒன்று செந்நிறம், ஒன்று மயில்கழுத்து. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் மேலக்கீழையூர்க் குதிரைக்கு மிஞ்சியது நான்கு கால்கள் மட்டுமே. சொல்லப்பட்டே ஓடிப் பழகிய அது அன்றைக்குத்தான் உண்மையாகவே ஓடியது. நுரை தள்ளி, குளம்போசை எழுப்பி, சக்கரம் கிறீச்சிட, ஆனந்தமாக ஓடியது. ஒரு சாண் வித்தியாசத்தில் தோற்றது.

மருதாணியின் மூக்கு கம்பத்தில் இருந்தது. இருபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஆனால் அது இன்னும் வெறும் மூக்கு.

"மைக்குல சொல்லணும்," என்றார் அம்பலம், செயலாளரின் தோளிலிருந்தே. "சொல்லலேன்னா பந்தயம் கலைஞ்சிரும். விதி அதுதான்."

கொப்பாத்தாள் கம்பத்தடியில் துண்டோடு நின்றாள். மலைக்கொழுந்து ஜீப்பில் நின்று வாயை அசைத்தார். ஒலிபெருக்கிகளில் காற்று வீசியது. மறுபடி அசைத்தார், மறுபடி காற்று. அம்பலம் பஞ்சாங்கம் பார்ப்பவர்போல் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்போது சோலைக்கண்ணு தன் வண்டியை விட்டு இறங்கினான். வேர்த்திருந்தான். வேர்வையைத் துடைத்தபோது துண்டுக்கடியில் ஒரு முகம் தெரிந்தது: நாற்பது வயது, கன்னத்தில் அம்மைத் தழும்பு, முன்பல் ஒன்று பாதி உடைந்தது, யாரும் மறக்க முடியாத அளவுக்குச் சாதாரணமான முகம். நேரே கொப்பாத்தாளிடம் போய், பேரை எப்படிச் சொல்வது என்று சைகையில் கேட்டான்.

"கொப்பாத்தாள்," என்றாள் அவள். "வேற எதுவும் சேக்க வேணாம்."

அவன் ஜீப்பில் ஏறினான். மலைக்கொழுந்துவின் கையிலிருந்து மைக்கை மரியாதையாக வாங்கினான். அவன் வாயைத் திறந்ததும் வந்தது மலைக்கொழுந்துவின் குரல், முப்பத்தெட்டு ஆண்டுப் புழுதியும் வால்மிளகுமாக, முழுசாக: "முதலாவதாக வந்து வெற்றி பெற்றது, சாத்தனேந்தல் கொப்பாத்தாள் அவர்களின் குதிரை, மருதாணி!"

மலைக்கொழுந்து தம் குரலை வெளியே நின்று கேட்டது அதுவே முதல் தடவை. மோசமில்லை என்று நினைத்தார். 'வெற்றி' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் அவசரம். கூட்டம் துண்டுகளையும், துண்டில்லாதவர்கள் சட்டைகளையும், பஸ் கூரையிலிருந்தவர்கள் ஒருவர் மற்றவரையும் வானத்தில் எறிந்தது.

கொப்பாத்தாள் மருதாணியின் முதுகில் துண்டைப் போர்த்தி, ஓரங்களை இழுத்துச் சரிசெய்தாள்.

"இன்னொருக்கச் சொல்லச் சொல்லுங்க," என்றாள். "எல்லைப் பக்கம் நிக்கிறவுகளுக்குக் கேட்டிருக்காது."

அவன் இன்னொருமுறை சொன்னான். அந்தப் பேர் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு, குழாயிலிருந்து குழாய்க்கு மேற்கே போயிற்று. வளைவைத் தாண்டி, ஓடைப்பாலத்தைத் தாண்டி, கொடியைத் தாண்டி, மேலக்கீழையூரில் மருமகள்கள் அடுப்பைத் தணித்துவிட்டு என்ன சத்தம் என்று வாசலுக்கு வந்து கேட்கும் தூரம் போயிற்று. அது போய்ச் சேரும்வரை கொப்பாத்தாள் அசையாமல் நின்றாள். பிறகு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "வழிய விடுங்கப்பா, குதிரைக்குத் தண்ணி காட்டணும்," என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தாள்.